அந்தக் காட்டெருமை ஏன் மாறியது

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஸ்ரீரங்கத்திலிருந்து காலை ஆறரைக்கு ஆட்டோவில் கிளம்பினால் ஏழரைக்குள் புத்தூர் மருத்துவமனையில் படுக்கை கிடைத்துவிடும். எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், இடது கையில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்துவார்கள். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். முடிந்ததும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு சக்கர நாற்காலி, லிஃப்ட், மறுபடி ஆட்டோ, காவேரிப் பாலம், வீடு. வந்ததும் அவர் தூங்கிவிடுவார். நான் குக்கரை ஏற்றுவேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒன்பது வயதில் ஒரு மகள். பள்ளி நாட்களில் அவளைக் கீழ்வீட்டு அம்மா வேனில் ஏற்றிவிடுவார். மே மாதம் விடுமுறை வந்ததும் அவளும் எங்களுடன் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தாள். டயாலிசிஸ் பிரிவுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். வெளியே வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். அதில் ஒன்றில் நான் மடிக்கணினியுடன், அடுத்ததில் அவள் என் போனுடன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு குழந்தையை அமைதியாக உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போனில் ஒரு கார்ட்டூன் படத்தை இறக்கி வைத்திருந்தேன். வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். வேறு படங்களும் இருந்தன, ஆனால் அவள் இதையேதான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கதை சின்னதுதான். மலைக்குக் கீழே ஓர் ஆட்டுக் கூட்டம். மலைமேல் நல்ல புல்வெளி. போவதற்கு ஒரே ஒரு கணவாய். ஒரு கிழட்டுக் காட்டெருமை பெரிய பாறையை உருட்டிவிட்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. கீழே வறட்சி. ஆடுகள் மெலிகின்றன. குட்டி ஆட்டின் தாய் செத்துப்போகிறது. கடைசியில் குட்டி தனியாகப் பாறையில் ஏறுகிறது, காட்டெருமை துரத்துகிறது, முட்டித் தள்ள வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. அதன் கண் கலங்குகிறது. திரும்பிப் போய்த் தான் உருட்டிய பாறையைத் தானே தோள் கொடுத்துத் தள்ளுகிறது. வழி திறக்கிறது. எல்லா ஆடுகளும் மேலே ஏறிப் பாட்டுப் பாடி ஆடுகின்றன. காட்டெருமையும் நடுவில் நின்று ஆடுகிறது.

மூன்றாவதோ நான்காவதோ தடவை பார்த்து முடித்தபோது மகள் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா இது திடீர்னு நல்லதா மாறிடுச்சு?"

"குட்டியப் பார்த்ததும் பாவமா இருந்திருக்கும்."

"குட்டிய முன்னாடியே ரெண்டு தடவ பார்த்துச்சே. அப்ப பாவமா இல்லையா?"

"தெரியலடி. படம் முடியணும்ல, அதான்."

"அம்மா ஆடு செத்துப்போச்சே, அதப் பத்தி யாருமே அதுகிட்ட ஒண்ணும் கேக்கல. எல்லாரும் டான்ஸ் ஆடுறாங்க."

நான் திரையில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் படம் எடுப்பவர்களுக்கும் அன்று மாலைக்குள் வேலையை முடிக்க வேண்டிய அவசரம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதே வாரம் சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில், ஆட்டோ பாலத்தில் ஏறும்போது அப்பா பேசினார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவர் பேசுவதே கிடையாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உதடு வெளுத்திருக்கும்.

"சின்னவளப் பார்க்கணும்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "என்னப்பா?"

"உன் தங்கச்சிய. பார்க்கணும். நான் பண்ணினது தப்பு."

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் வெள்ளையாகக் கிடந்தது. பத்து வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லத் துணியாத சொல் அந்தச் 'சின்னவள்'. அதை அவரே, ஆட்டோ இரைச்சலில், மருந்து வாங்க வேண்டும் என்பதைப் போலச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இதையும் நான்தான் செய்ய வேண்டுமா என்ற அலுப்பு.

என் தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். அப்பா கைலாசபுரத்தில் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஓய்வு பெற்றதும் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். தங்கை கல்லூரி முடித்து வேலைக்குப் போன இடத்தில் ஒருவரை விரும்பினாள். பழைய திருச்சியில் முஸ்லிம் குடும்பம். சவூதியில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்து பெரிய கடைவீதிப் பக்கம் பை, சூட்கேஸ் கடை வைத்திருந்தார். பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அன்று மாலையே இருவரும் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அப்பா கத்தவில்லை. "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். மறுமுறை அந்தப் பெயரை யார் எடுத்தாலும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அவர் அப்படி எழுந்து போனால் அம்மாவும் சாப்பிடமாட்டாள். அதனால் நாங்கள் பெயரை எடுப்பதை விட்டுவிட்டோம்.

அம்மா நான்கு வருடம் அப்படி இருந்தாள். பிறகு ஒரு நாள் காலை சமையலறையில் விழுந்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கு முடியாது. நான்தான் தங்கைக்குப் போன் செய்தேன். பதினொரு மணிக்கு அவளும் அவள் கணவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பந்தலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எழுந்து போய் இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியை என் கையில் கொடுத்தார். "உள்ள வை" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பார்த்துட்டுப் போயிடுறேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் வெயிலில் இரண்டடி தள்ளித் தலை குனிந்து நின்றார். பந்தலில் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். வெகு நேரம் கழித்து அவர்கள் தெருமுனைக்குப் போய்விட்டார்கள். அம்மாவை ஏற்றிய வண்டி அந்த வழியாகத்தான் போனது. அவள் அங்கே நின்று பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறமும் நானும் அவளும் மாதம் ஒருமுறை சந்தித்துக்கொண்டுதான் இருந்தோம். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில். குழந்தைகளைப் பற்றிப் பேசுவோம், அவளுக்கும் ஒரு பெண், என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். உடம்பைப் பற்றிப் பேசுவோம். அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. போன வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றதும் நான் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். அதைச் சொன்னபோது அவள் டீயைக் குடித்தபடி, "நீ ஒருத்தியே எப்படிக்கா பார்ப்ப?" என்று மட்டும் கேட்டாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கணவர்தான் ஒவ்வொரு முறையும் என்னைப் பேருந்து ஏற்றிவிடும்போது, "மாமா எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கூசும்.

அப்பா கேட்டதை ஒரு வாரம் ஆகியும் நான் தங்கையிடம் சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் சொல்லியிருப்பார், மறந்துவிடுவார் என்று பார்த்தேன். மறக்கவில்லை. அடுத்த செவ்வாய், அடுத்த வியாழன், "சொன்னியா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் தன் படத்தை டிவியில் போட்டாள். நான் சாப்பாட்டு மேஜையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். அவர் ஆயுளில் பார்த்த முதல் கார்ட்டூன் அதுவாகத்தான் இருக்கும். பாறையைத் தள்ளும் காட்சி வந்ததும், "தோள் கொடுத்தா அவ்ளோ பெரிய பாறை நகராது. அடியில கடப்பாரை போட்டு நெம்பணும்" என்றார். முப்பத்தைந்து வருடம் இரும்புத் தகடுகளைத் தூக்கி நிறுத்தும் வேலையில் இருந்தவர்.

"அத விடுங்க தாத்தா. இது ஏன் திடீர்னு மாறிடுச்சு, அதச் சொல்லுங்க" என்றாள் மகள். அவள் அதை விடுவதாக இல்லை.

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். அவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"நிறுத்து. இங்கேயே பாரு, துரத்திக்கிட்டு வரும்போதே அதுக்கு முடியல. வாயில நுரை தள்ளுது. முன்னங்கால் மடங்குது. குட்டி பாறைக்கு அங்கிட்டுல்ல இருக்கு. அது இன்னும் குட்டியப் பார்க்கவே இல்ல, அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. நின்னதுக்கப்புறம்தான் பார்க்குது."

மகள் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பின்னால் கொண்டுபோனாள். நானும் எழுந்து வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். காட்டெருமை ஓடி வருகிறது, மூச்சு வாங்கி நிற்கிறது, நிமிர்கிறது, அப்புறம்தான் எதிரே குட்டி. இத்தனை தடவை பார்த்தும் நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். குட்டியைப் பார்த்ததால் அது நின்றது என்று.

"அப்ப அதுக்கு டயர்டு ஆயிடுச்சு, அவ்ளோதானா?" என்றாள் மகள், ஏமாற்றமாக.

"அவ்ளோதான்" என்றார் அப்பா. பிறகு தண்ணீர் கேட்டார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. அன்றைய அளவு முடிந்திருந்தது. நான் தரவில்லை. ஒரு துண்டு ஐஸ் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் அவரைப் போட்டதும் செவிலியர் என்னை ஐந்து நிமிடம் உள்ளே நிற்க விட்டார். நான் கேட்டேன்.

"எதுக்குப்பா இப்ப திடீர்னு?"

அவர் சிவப்பாக ஓடும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவத்த வச்சிக்கறதுக்குத் தெம்பு வேணும்மா. தினம் காலைல எழுந்து அத எடுத்து மாட்டிக்கணும். இந்த மெஷின்ல படுக்க ஆரம்பிச்சதுலேருந்து அந்தத் தெம்பு இல்ல. ஒரு நாள் மாட்டிக்காம விட்டேன். மறுநாளும் விட்டேன். அப்புறம் பார்த்தா, அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. என்ன காரணத்துக்காக அப்படி இருந்தேன்னு யோசிச்சுப் பார்க்குறேன், ஒண்ணும் வரல. பந்தல்ல நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னுதான். அந்த நாலு பேர்ல மூணு பேர் செத்துட்டாங்க."

நான் அப்போது சொன்ன பதில் நல்ல பதில் இல்லை. ஆனால் சொன்னேன்.

"அம்மா இருக்கும்போதே உங்களுக்குத் தெம்பு போயிருக்கலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போயிருக்கலாம்" என்றார்.

வெளியே வந்து ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் அதே படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் கோபமாக இருந்தது, முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு அசதி. ஒரு மனிதர் திருந்துவதென்றால் உள்ளே ஏதோ உடைய வேண்டும், ஓர் இரவு தூக்கம் கெட வேண்டும், செத்துப்போன மனைவி கனவில் வர வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. வெறும் களைப்பு என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறவரை இன்னொருவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டுமா. ஆனால் ஒன்றையும் கவனித்தேன். களைத்து நின்ற காட்டெருமை அங்கேயே படுத்திருக்கலாம். படுக்கவில்லை. அவரும் பேசாமல் இருந்திருக்கலாம். நானாக ஒன்றும் கேட்கவில்லையே.

வெள்ளிக்கிழமை பேக்கரியில் தங்கையிடம் சொன்னேன். மகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ப்பெயர் கத்திக்கொண்டு கிளம்பின.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு பஃப்ஸைப் பிய்த்தபடி, "வர மாட்டேன்க்கா" என்றாள். "அவருக்கு முடியல, அதனால நல்லவராயிட்டாரு. நல்லா இருந்திருந்தா இன்னும் பூட்டித்தான வச்சிருப்பாரு?"

"இருக்கலாம்."

"நீ அவருக்காகப் பேசுறியா?"

"இல்ல. கேட்டாரு, சொன்னேன். எனக்கு யாருக்காகவும் பேசறதுக்குத் தெம்பு இல்லடி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப எளச்சுட்டக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "அவர் பூட்டினாரு. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

பேக்கரியில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள்.

"என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். கம்பி வழியா தெரிஞ்சுது. வலது கையில வச்சிருந்த. முந்தானைல சுத்திக்கிட்ட."

ஆறு வருடம். மாதம் ஒரு தடவை. என் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள், என் மகளுக்குக் கவுன் வாங்கி வந்திருக்கிறாள், எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"அப்புறம் ஏண்டி வந்த?"

"உன்னையும் விட்டுட்டா எனக்கு அந்தப் பக்கத்துல யாரு இருக்கா" என்றாள்.

நான் அப்போது மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது எழுத வரவில்லை. கேட்ட பிறகுதான் தெரிந்தது, அப்பாவை ஏன் இப்போது, ஏன் திடீரென்று என்று இரண்டு வாரமாகக் குடைந்துகொண்டிருந்த நான், எனக்கான நேரத்தையும் ஆறு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறேன் என்று. எனக்கும் அன்றைக்குப் புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இனிமேல் மறைக்க முடியாது என்ற களைப்புத்தான் முதலில் வந்தது. வருத்தம் அதன் பின்னால் வந்தது. ஆனால் வந்தது பொய் இல்லை. அதை எனக்குத் தெரியும்.

தங்கை மேஜையைத் துடைத்தாள். பில்லை அவளே கொடுத்தாள். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஒன்பது மணி இருக்கும், லிஃப்ட் திறந்து அவள் வந்தாள். தனியாக வந்திருந்தாள். "உன் வீட்டுக்கு வர மாட்டேன், இங்கன்னா சரி" என்றாள். என் மகள் ஓடிப்போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். செவிலியரிடம் கேட்டுக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஒரே பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். அழுததாகத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாரு. சரின்னேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லல, அவரும் கேக்கல. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அம்மா என்னப் பத்திக் கேட்டாங்களான்னு."

"என்ன சொன்னாரு?"

"தினமும் கேட்டான்னாரு. வாயத் திறந்து கேக்க மாட்டாளாம். சாயங்காலம் ஆறு மணி ஆனா வாசல் கேட்டத் திறந்து வச்சுட்டு வந்து உக்காந்துக்குவாளாம். இவர் போய்ச் சாத்துவாராம். மறுநாளும் திறப்பாளாம். நாலு வருஷம். வேற யாருக்கும் தெரியாது, இவருக்கு மட்டும்தான் தெரியும். அதச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்னாரு."

எனக்கும் அது தெரியாது. நான் அப்போது திருமணமாகி ஸ்ரீரங்கத்தில் இருந்தேன். அம்மா என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா சொல்லாமல் செத்துப்போயிருந்தால் அந்த நான்கு வருடச் சாயங்காலம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவர் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தங்கைக்கு வேண்டியிருந்தது அவருடைய வருத்தம் இல்லை, இதுதான்.

"புள்ளையக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றாள் பிறகு. "அது வேற. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்? அவருக்கும் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

என் மகள் இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "தாத்தா கெட்டவராம்மா முன்னாடி?" என்று கேட்டாள். இருந்தார் என்றேன். சித்தியிடம் ரொம்பக் கெட்டவராக இருந்தார், இப்போது இல்லை என்றேன். நானும் ஒரு நாள் கெட்டவளாக இருந்தேன் என்று சொல்ல வந்தேன். சாவியைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் வளர்ந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்தது. தங்கை போன் செய்து, "சனிக்கிழமை நான் பார்த்துக்குறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு அவள் கணவர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்றார், அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்று தங்கை சொன்னது சொன்னதுதான். அப்பாவை நான் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போனேன். வேன் கதவைத் திறந்துவிட்ட மாப்பிள்ளையை அப்பா பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். "ஏறுங்க மாமா, தலை இடிச்சிக்காதீங்க" என்றார். அப்பா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர்களுக்குள் அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். இன்று வரை அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் வண்டியில் போகிறார்கள், வருகிறார்கள். அப்பா நடுவில் அவரிடம் எந்த வழியாகப் போனால் நெரிசல் குறைவு என்று சொல்வாராம். அவர் அந்த வழியாகவே போவாராம்.

முதல் சனிக்கிழமை அவர்கள் போனதும் மாடிக்கு வந்தேன். மகள் ஓவிய வகுப்புக்குப் போய்விட்டாள். வீட்டில் ஒருவரும் இல்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து அப்பாவின் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டேன். அவருடைய மருந்து டப்பாவைத் துடைத்து வைத்தேன். மறுபடி வந்து மின்விசிறிக்குக் கீழே தரையிலேயே படுத்தேன்.

போன் அடித்தபோது மணி பன்னிரண்டு. தங்கைதான்.

"இப்பதான் மெஷின்லேருந்து எறக்குனாங்க. எடை சரியா வந்துருச்சு. நேத்து ரெண்டு டம்ளர் கூடக் குடிச்சிருக்காரு, திட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. நீ சாப்டியா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

"சரி, தூங்கு. நாங்க வர ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.